கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம்: வான் சாரதிகளின் பயம்

வெளிநாட்டிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது குடிவரவு, சிம் காட், வங்கி எல்லாம் சுலபமாகவே முடிந்தன. முன்பைவிட எவ்வளவோ மேல். வீதிதான் மாறவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் பிடித்து, புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போவது எங்களில் பலருடைய வழக்கம். நாங்களும் அப்படித்தான், இரவுப் பயணம். அனுராதபுரம் வர முன்னரே ட்ராபிக் பொலிஸ் மறித்தது. எங்கள் சாரதித் தம்பி வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தினாராம். நான் முன் சீற்றில்தான் இருந்தேன். முந்துவதற்கு முன்னால் ஒரு வாகனமும் போகவில்லை. தம்பி சிங்களத்தில் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். டோர்ச்சை முகத்தில் அடித்தபடியே லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். நான் கதவைத் திறந்தேன்.

"அண்ணை, இறங்காதேங்கோ. வெளிநாடு எண்டு தெரிஞ்சால் இன்னும் கூடக் கேப்பாங்கள்."

தண்டத் துண்டு எழுதினால் லைசென்ஸ் அவர்களிடம் போய்விடும். கையில் தரும் தற்காலிகச் சீட்டு 14 நாளுக்குத்தான். தண்டத்தைத் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டோடு துண்டு எழுதிய பொலிஸ் நிலையத்துக்கே போய் லைசென்ஸை மீட்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சாரதிக்கு அது ஒரு நாள் ஹயர் போன மாதிரி. தண்டத்தைவிட அலைச்சல்தான் பெரிது. அந்த அலைச்சலை வைத்தே காசு பறிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் அரசாங்கத்தின் கவ்பே (GovPay) மூலம் தண்டம் கட்டி லைசென்ஸை அங்கேயே வாங்கும் முறையை 2025இல் தொடங்கியிருந்தார்கள். தம்பி அதைக் கேட்டார். இங்கே இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் வானின் பின்பக்கம் போய் வந்தார், லைசென்ஸ் கையில் இருந்தது. எவ்வளவு கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

வவுனியா தாண்டி நடந்தது வேறு மாதிரி. சிவில் உடையில் சிலர், ஒருவர் கையில் துவக்கு. யார் என்றும் சொல்லவில்லை, அடையாள அட்டையும் காட்டவில்லை. தம்பியை இறக்கி, அவருடைய அடையாள அட்டையைப் படம் எடுத்தார்கள். எங்கள் பெட்டிகளை வீதியில் வைத்துத் திறந்தார்கள். என்னோடு மரியாதையாகத்தான் பேசினார்கள், கடவுச்சீட்டு அப்படி. தம்பியை "டேய்" என்றார்கள். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவருக்குக் கை நடுங்கியது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில், மோட்டார் சைக்கிளில் வந்த யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் பொலிஸ் சூடு என்று வெளியே வந்தது. அந்த வயதுப் பெடியள்தான் இன்றைக்கு வான் ஓடுகிறார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் முன்பக்கம் கமரா பூட்டிய வானாகக் கேளுங்கள், இப்போது பலர் பூட்டியிருக்கிறார்கள். மறித்தவரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்பு ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கும், மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் சாரதியிடம் கேட்காமல் முறையிட வேண்டாம். நாங்கள் விமானம் ஏறிவிடுவோம், அவர் அடுத்த கிழமையும் அதே வீதியால் வர வேண்டும். துண்டு எழுதினால் எழுதட்டும், அந்தத் தண்டமும் லைசென்ஸ் எடுக்கப் போகும் நாளின் கூலியும் நான் தருகிறேன் என்று ஹயர் பேசும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்.