நாள்வாரியா, ஸ்குவாட்ரன்வாரியா? வான்போர் வரலாறு தொகுதி தொகுதியா எழுதுனதுல நான் பாத்தது

வான்போர் வரலாறு எழுதக் கிளம்புற எல்லாரும் முதல்ல கேக்குறது ஆவணம் எங்க கிடைக்கும், போட்டோ யார்கிட்ட வாங்கலாம்னுதான். அதெல்லாம் பொறுமையா தேடினா கிடைச்சிடும். ஆனா முதல் வரி எழுதுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டிய ஒண்ணு இருக்கு, அதுல தப்பு பண்ணா நாலஞ்சு வருஷம் கழிச்சுதான் தெரியும். சண்டைய நாள்வாரியா அடுக்குறதா, இல்ல ஸ்குவாட்ரன்வாரியா, அதாவது ஒவ்வொரு விமானப் பிரிவா அடுக்குறதா? நான் ரெண்டையும் பண்ணிப் பாத்தவன். 1941 டிசம்பர்ல இருந்து 1945 ஆகஸ்ட் வரைக்கும் பர்மா, இலங்கை, வங்காள விரிகுடா மேல நடந்த வான்சண்டைதான் என் விஷயம். முதல் தொகுதி ஸ்குவாட்ரன்வாரியா அச்சுல வந்துச்சு, அடுத்த ரெண்டும் நாள்வாரியா, அப்புறம் அந்த முதல் தொகுதியவும் மொத்தமா பிரிச்சுப் போட்டு நாள்வாரியா திரும்ப எழுதினேன். அதனால நான் எந்தக் கட்சின்னு மறைக்க ஒண்ணும் இல்ல.

மூணாவதா ஒரு வழி இருக்கு, பேர் வாங்கின பைலட்டுங்கள எடுத்து ஆள் ஆளா எழுதுறது. படிக்க சுகமா இருக்கும், விக்கவும் செய்யும். ஆனா சுட்டவன் கதை மட்டும் வரும், சுடப்பட்டவன் யாருன்னு வராது, போர் வரலாறுக்கு அது போதாது, அத இதோட விட்டுடறேன்.

ஸ்குவாட்ரன்வாரியா எழுதுறதுல நல்லது எதுவும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆவணங்களே அப்படித்தான் கட்டி வச்சிருக்கு. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துல ஏர் 27 வரிசையில ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் தனித்தனியா ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புக் இருக்கு. படிவம் 540-ல அன்னன்னிக்கு நடந்தது சுருக்கமா இருக்கும், 541-ல எந்த விமானம், யார் ஓட்டினா, எத்தன மணிக்கு ஏறுச்சு, எத்தன மணிக்கு இறங்குச்சுன்னு இருக்கும். ஒரு கட்ட எடுத்தா ஒரு அத்தியாயம் முடிஞ்சுது. படிக்கிறவங்களும் பாதிப் பேர் எங்க தாத்தா இந்த ஸ்குவாட்ரன்ல இருந்தார்னு தேடித்தான் வராங்க, அவங்களுக்கு ஒரே இடத்துல எல்லாம் கிடைச்சிடும். மனுஷங்க கதையும் அறுந்து போகாம ஓடும். இதையெல்லாம் பாத்துதான் நானும் அந்த வழியில போனேன்.

இப்ப 1942 ஏப்ரல் 5-ம் தேதிய எடுத்துக்குங்க, ஈஸ்டர் ஞாயிறு. முந்தின நாள் கனடாவோட 413 ஸ்குவாட்ரன் காட்டலினா ரோந்து விமானம் ஒண்ணு இலங்கைக்குத் தெக்க ஜப்பான் கப்பல் படையப் பாத்து சேதி அனுப்பிட்டு சுடப்பட்டு விழுந்துச்சு. மறுநாள் காலைல ஏழரை மணி வாக்குல கொழும்பு மேல தாக்குதல். ரத்மலானையில 30 ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஏறிட்டு இருக்கும்போதே மாட்டிக்கிச்சு, குதிரைப் பந்தய மைதானத்த ரன்வேயா ஆக்கி அங்க இருந்த 258 ஸ்குவாட்ரன் தனியா ஏறி சண்ட போட்டுச்சு, கடற்படையோட 803, 806 ஸ்குவாட்ரன் ஃபுல்மார் சண்டை விமானங்களும் சண்டையில இறங்குச்சு, நடுவுல திருகோணமலைப் பக்கம் சைனா பேயில இருந்து டார்பிடோவோட வந்துட்டு இருந்த 788 ஸ்குவாட்ரன் சோர்ட்ஃபிஷ் விமானம் ஆறும் ஜப்பானோட ஜீரோ சண்டை விமானங்கள் கையில சிக்கி ஆறுமே விழுந்துச்சு. அந்தப் பக்கம் அககி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகுன்னு அஞ்சு விமானந்தாங்கிக் கப்பல், ஒவ்வொண்ணுக்கும் தனி விமானப் பிரிவு, தனி பதிவேடு. அதாவது ஒரே காலைல நடந்த ஒரே சண்ட, ஸ்குவாட்ரன்வாரியா எழுதினா பத்து அத்தியாயத்துல பத்து தடவ வரும். படிக்கிறவருக்கு திரும்பத் திரும்ப வர்றது சலிப்புன்னு சொல்றது சின்ன விஷயம். பத்து இடத்துல இருக்குற ஒரு தகவல்ல நாளைக்கு ஒரு திருத்தம் வந்தா பத்து இடத்துலயும் போய்த் திருத்தணும், அதுதான் பெரிய விஷயம்.

திருத்தம் வந்தே தீரும். இந்தத் துறையில முடிஞ்சு போன புத்தகம்னு ஒண்ணு கிடையாது. குடும்பத்துக்காரங்க பரண்ல இருந்து லாக்புக், அதாவது பறந்த கணக்கு எழுதின நோட்டு, எடுப்பாங்க, காப்பகத்துல புதுசா ஒரு ஃபைல் திறப்பாங்க, காட்டுக்குள்ள ஒரு இன்ஜின் கிடைச்சு அதுல இருக்குற நம்பர் நாம எழுதினதப் பொய்யாக்கும். என் முதல் தொகுதியில பாம்பர்ல, அதாவது குண்டு போடுற விமானத்துல, துப்பாக்கி இயக்குற ஒரு கன்னர் இறந்தத அவரோட ஸ்குவாட்ரன் அத்தியாயத்துல 14-ம் தேதின்னு எழுதியிருந்தேன். அச்சுக்குப் போற நேரத்துல வீட்டுக்கு வந்த தந்தியோட நகல அவங்க குடும்பம் அனுப்புச்சு, அதுல 17-ம் தேதி. உடனே மாத்தினேன். ஆனா அன்னிக்கு காவலுக்குப் போன ஃபைட்டர், அதாவது சண்டை விமான ஸ்குவாட்ரன் அத்தியாயத்துலயும் அதே விமானம் விழுந்த கதை இருந்துச்சு, அங்க ஒரு பைலட் மாசக் கடைசியில உக்காந்து ஞாபகத்துல எழுதின லாக்புக்க நம்பி 14-னே இருந்துச்சு, பின்னிணைப்பு அட்டவணையிலயும் 14. ரெண்டையும் நான் தொடல. புத்தகம் வந்துச்சு. ஒரே மனுஷன் என் புத்தகத்துல ரெண்டு தேதியில செத்திருந்தார். அவரோட அக்கா பொண்ணு கடிதம் போட்டாங்க, கோவமே இல்ல, மாமாவுக்கு விளக்கேத்துறது எந்த நாள்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க. அந்தக் கடிதத்த மேசையில வச்சுக்கிட்டு ரொம்ப நாள் ஒரு வரி எழுத முடியல.

அதுக்கப்புறம்தான் நாள்வாரிக்கு மாறினேன். ஒரு சம்பவம் ஒரே இடத்துலதான் இருக்கணும், அதோட தேதிக்குக் கீழ, ரெண்டு தரப்பும் பக்கத்துல பக்கத்துல. ஸ்குவாட்ரன் பட்டியல் பின்னாடி இருக்கும், ஆனா அதுல தகவல் எதுவும் கிடையாது, இந்த ஸ்குவாட்ரன் சண்ட போட்ட தேதிகள் இதுன்னு வழி காட்டுறதோட சரி. ஸ்குவாட்ரன் தேடி வர்றவருக்கு கொஞ்சம் பக்கம் புரட்டுற வேலை கூடும், அத மறுக்கல.

அட்டவணையிலயும் ஒரு மாத்தம் பண்ணேன். முன்னாடி ஒவ்வொரு வரியும் ஒரு க்ளெய்ம், யார் எத்தன விமானம் விழுத்தினேன்னு சொன்னார்ங்கறது. இப்ப ஒவ்வொரு வரியும் ஒரு விமானம். க்ளெய்ம் எத்தன வேணா வரலாம், ஒரு விமானம் ஒரு தடவதான் விழ முடியும். 1940 செப்டம்பர் 15 அன்னிக்கு ஜெர்மன் விமானம் 185 விழுத்தினோம்னு பிரிட்டன் அறிவிச்சது, போருக்கு அப்புறம் ஜெர்மன் இழப்புப் பட்டியலப் பாத்தா அறுபத ஒட்டித்தான் வருது. யாரும் வேணும்னு பொய் சொல்லல. ஒரே பாம்பர நாலு பேர் வேற வேற திசையில இருந்து சுடுவாங்க, நாலு பேருமே அது விழுறதப் பாப்பாங்க. எதிரி விமானம் புகை விட்டுக்கிட்டு மேகத்துக்குள்ள செங்குத்தா இறங்கும், தப்பிக்க முழு வேகத்துல போற இன்ஜின் விடுற கரும்புகையும் தீப்பிடிச்ச புகையும் மேல இருந்து பாக்க ஒண்ணுதான், பின்னாடியே போய்ப் பாக்க நேரமும் இருக்காது. பாம்பர் கூட்டத்துல இருக்குற கன்னர்கள் கணக்கு இன்னும் ஏறும், ஒரு ஃபைட்டர இருபது துப்பாக்கி சேந்து சுட்டா இருபது பேருக்கும் அது என்னோடதுதான். கொழும்பு மேல அந்த ஞாயித்துக்கிழமை ஜப்பான் இழந்தது ஏழு விமானம், பிரிட்டிஷ் தரப்பு அன்னிக்குச் சொன்னது அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. ஸ்குவாட்ரன்வாரியா எழுதும்போது ஒவ்வொரு அத்தியாயத்துலயும் அந்தந்த ஸ்குவாட்ரன் கணக்கு நியாயமாத்தான் தெரியும். எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொண்டு வந்தாத்தான் கூட்டல் இடிக்கிறது கண்ணுக்குத் தெரியும்.

இழப்புங்கறதுக்கே ஒவ்வொரு நாடும் ஒரு அளவு வச்சிருந்துச்சு. ஜெர்மன் பட்டியல்ல சேதத்த சதவீதமா போடுவாங்க, 60-க்கு மேல போனா விமானத்த கழிச்சுக் கட்டிடுவாங்க. நேரம் இன்னொரு தலைவலி. ஜப்பான் கடற்படை எங்க போனாலும் டோக்கியோ நேரத்துலதான் எழுதும், கொழும்புல ஏழரைன்னா அவங்க பேப்பர்ல பத்தரை. ஸ்குவாட்ரன்வாரியா எழுதினப்ப இது எனக்கு உறைக்கவே இல்ல, ஏன்னா ஜப்பான் அத்தியாயத்துக்குள்ள எல்லாமே டோக்கியோ நேரம், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகும். நாள்வாரியா ஒரே தேதிக்குக் கீழ ரெண்டையும் வச்சப்பதான் பர்மாவுல காலைச் சண்டைன்னு ஒண்ணும் மதியச் சண்டைன்னு ஒண்ணும் நான் தனித்தனியா எழுதி வச்சிருந்தது ஒரே சண்டன்னு பிடிபட்டுச்சு.

ஜப்பான் கடற்படைப் பிரிவுகளோட கோடோ சோஷோன்னு சொல்ற நடவடிக்கைப் பதிவேடு நிறைய தப்பிப் பொழச்சிருக்கு, யார் எந்த வரிசையில பறந்தாங்க, எவ்வளவு குண்டு சுட்டாங்கங்கற வரைக்கும் இருக்கும், டோக்கியோவுல ஸ்கேன் பண்ணி இணையத்துலயே போட்டிருக்காங்க. தரைப்படை விமானப் பிரிவு விஷயம் அப்படி இல்ல, 1945 ஆகஸ்ட்ல சரணடையுற நேரத்துல ஏகப்பட்டத எரிச்சிட்டாங்க. பர்மா மேல பறந்தது பெரும்பாலும் அவங்கதான். அதனால நாள்வாரியா எழுதினாலும் சில தேதிகள்ல ஜப்பான் தரப்பு வர வேண்டிய வலது பக்கம் காலியாத்தான் இருக்கும். அத காலியாவே விடுறேன். ஸ்குவாட்ரன்வாரியா எழுதினப்ப அந்த ஓட்டை இருக்குன்னே யாருக்கும் தெரியல.

ரெண்டு பக்கமும் சேந்து கிடைக்குற நாள் வந்தா எப்படி இருக்கும்னு ஒண்ணு காட்டுறேன். 1942 மே 22. ஜப்பானோட 64-வது விமானப் பிரிவுத் தளபதி கடோ தடேயோ, நாடே கொண்டாடின ஆள். அன்னிக்கு பர்மா கடற்கரையில இருக்குற அக்யாப் விமானத்தளத்து மேல பிரிட்டிஷ் 60 ஸ்குவாட்ரனோட பிளென்ஹைம் பாம்பர் ஒண்ணு தன்னந்தனியா வந்து குண்டு போட்டுட்டு கடல் மேல தாழப் பறந்து தப்பிக்கப் பாக்குது. கடோவும் அவர் ஆளுங்களும் விரட்டுறாங்க. பிளென்ஹைம் முதுகுல டர்ரெட்ல, அதாவது சுழலுற துப்பாக்கிக் கூண்டுல, உக்காந்திருந்த கன்னர் சுட்டதுல கடோ விமானம் தீப்பிடிச்சு வங்காள விரிகுடாவுல விழுது. பிளென்ஹைம் வீடு திரும்பிடுச்சு. என் பழைய தொகுதியில 60 ஸ்குவாட்ரன் அத்தியாயத்துல இது மூணு வரி, எதிரி ஃபைட்டர்கள்கிட்ட இருந்து தப்பி வந்த ஒரு சாதாரணப் பயணம். இருநூறு பக்கம் தள்ளி 64-வது பிரிவு அத்தியாயத்துல அதே மதியம் ஒரு பெரிய துக்கம், செத்த பிறகு ரெண்டு படி பதவி உயர்வு கொடுத்து மேஜர் ஜெனரல் ஆக்கினாங்க. ஒண்ணு இன்னொண்ணுதான்னு படிக்கிறவருக்கு நானே சொல்லாம விட்டிருந்தேன். புதுப் பதிப்புல அது ஒரே பக்கம்.

தொகுதி பிரிக்கிறதுக்கும் நாள்வாரிதான் வசதி. ஒரு தேதியில வெட்டிடலாம். என் முதல் தொகுதி இப்ப 1942 மே கடைசியோட நிக்குது, பிரிட்டிஷ் படை பர்மாவ விட்டு வெளிய வந்தாச்சு, மழை பிடிச்சாச்சு, தானா ஒரு நிறுத்தம். ஸ்குவாட்ரன்வாரியில 1945 வரைக்கும் இருந்த ஸ்குவாட்ரன எங்க வெட்டுவீங்க? போர் முழுக்க ஆராய்ச்சி பண்ணி முடிக்காம முதல் தொகுதியவே மூட முடியாது.

நாள்வாரியோட குறை என்னன்னா, ஒண்ணும் நடக்காத நாள் நிறைய வரும், ஒரு பைலட்ட இங்க பாப்பீங்க, அடுத்து எழுபது பக்கம் கழிச்சுப் பாப்பீங்க. அதுக்கு நான் மாசத் தொடக்கத்துல ரெண்டு மூணு பக்கம் நிலவரம் எழுதுறேன், ஆளுங்களப் பத்திப் பேச வேண்டியத அங்க பேசிடறேன், ஓரளவுக்குத்தான் சரியாகுது. அப்புறம் ஜெர்மனி மேல ராத்திரி ராத்திரியா நூத்துக்கணக்குல பாம்பர்கள் போன சண்டைய நான் தொட்டதில்ல, அங்க நாள்வாரி வெறும் பட்டியலா ஆகிடுமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, அதுல இறங்கினவங்க சொல்றதுக்கு என் பேச்ச விட மதிப்பு அதிகம்.

அச்சு விஷயமும் இதோட சேந்ததுதான், ஆனா சுருக்கமா சொல்றேன். முதல் தொகுதிய ஒரு பதிப்பகம் ஆஃப்செட்ல மொத்தமா அடிச்சுது. பைண்டிங், பழைய போட்டோ ஆர்ட் பேப்பர்ல வந்த விதம் எல்லாம் அருமை, இன்னிக்கும் அந்தத் தரம் என் புதுப் பதிப்புல இல்ல. ஆனா தப்பு கண்டுபிடிச்சப்ப குடோன்ல கட்டுக் கட்டா கிடந்துச்சு, ஒட்டுச் சீட்டு அடிச்சு உள்ள சொருகுறதத் தவிர வழியில்ல. அதுவும் வித்து முடிஞ்ச பிறகு திரும்ப அடிக்க மாட்டேன்னுட்டாங்க, ரெண்டாவது தொகுதி வாங்கினவருக்கு முதல் தொகுதி பழைய புத்தகக்காரர்கிட்ட பல மடங்கு விலையில. இப்ப மூணையும் ஆர்டர் வந்தா அடிக்கிற முறையில போட்டிருக்கேன். ஒரு பிரதிக்கு செலவு கூடத்தான், நூலகங்கள்ல போய்ச் சேர்றதும் பதிப்பகம் அளவுக்கு நடக்குதான்னு சொல்ல எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும். ஆனா எந்தத் தொகுதியும் தீந்து போறதில்ல, ஃபைல மாத்தினா அடுத்த பிரதி திருத்தத்தோட வரும். எந்தத் தேதியில என்ன மாத்தினேங்கறத கடைசிப் பக்கத்துல போடுறேன், பழைய பிரதி வச்சிருக்கிறவங்க பேனாவால திருத்திக்கலாம்.

போன மாசம் ஒரு ஹரிக்கேன் நம்பர்ல கடைசி ஒத்த இலக்கம் தப்புன்னு ஒருத்தர் விமானத்தோட நடமாட்ட அட்டை, அதான் படிவம் 78, அதோட படத்த அனுப்பிச் சொன்னார். தேதிய எடுத்தேன், ஒரே இடம், மாத்தினேன், கடைசிப் பக்கத்துல ஒரு வரி சேத்தேன். அந்தப் பக்கத்துல மேல இருக்குற வரி அந்த கன்னரோடது, 14 இல்ல, 17.