மூன்று மழைக்காலம் பார்த்த பியானோவும் என் இரண்டு மைக்குகளும்

பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, அவர்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்த கிராண்ட் பியானோ என்னிடம் வந்தது. 1920-களில் ஜெர்மனியில் செய்தது, ஐந்தடி எட்டு அங்குல நீளம். கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி, மெத்தை சுற்றி, எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு வந்து என் தரைத்தள அறையில் இறக்கினார்கள். அறை 14-க்கு 12 அடி, கூரை உயரம் 10 அடி. இதை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்றுதான் வாங்கினேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. முதல் வருடம் முழுக்கத் தப்பாகவே செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் காதில் அப்போது இருந்தது கணினியில் வாசிக்கும் மென்பொருள் பியானோ. 88 கட்டையும் ஒரே சீராக, கண்ணாடி மாதிரி ஒலிக்கும். என் பியானோவும் அப்படி ஒலிக்க வேண்டும் என்று நினைத்து, இரண்டு கண்டென்சர் மைக்கை மூடிக்குள்ளே, சுத்தியல்களுக்கு அரை அடி மேலே, ஒன்றுக்கொன்று மூன்றடி தள்ளி வைத்தேன். ஹெட்ஃபோனில் கேட்டால் பிரமாதம். தாழ்ந்த சுரங்கள் இடது காதில், உச்ச சுரங்கள் வலது காதில், தலையையே பியானோவுக்குள் விட்டது போல இருந்தது. நண்பனுக்கு அனுப்பினேன். அவன் ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "நடுவுல சில நோட்டு காணாமப் போகுதே?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. சின்ன ஸ்பீக்கரில் போல இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்று பலர் ஃபோனில்தான் கேட்கிறார்கள், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு, அவ்வளவு அருகில் வைத்ததால் நூறு வருடப் பழைய இயந்திரத்தின் டக் டக், பெடலின் முனகல் எல்லாம் இசைக்குச் சமமாகப் பதிவாகியிருந்தன.

உடனே என்ன செய்வோம்? வேறு மைக் வாங்குவோம். வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள், நானும் அப்படியே. மூடியைத் திறந்து, சுத்தியல்களைப் பார்த்து, "தம்பி, இதுல தந்தி தடம் வெட்டியிருக்கு பாருங்க. கல்லால அடிக்கிற மாதிரி இருக்கும். நீங்க மைக்கை மாத்தி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். சுத்தியலின் தலை அழுத்தின கம்பளி. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் தந்தியை அடித்து அடித்து இறுகி, பள்ளம் விழுந்துவிடும். அவர் அதை மெல்லத் தேய்த்து, ஊசியால் குத்தித் தளர்த்தினார். இரண்டு நாள் வேலை. பெடலின் முனகலுக்குத் தோல் உராயும் இடத்தில் டால்கம் பவுடர்! அந்த இரண்டு நாளில் வந்த வித்தியாசம், நான் மைக்கில் கொட்டிய காசில் வரவே இல்லை.

சுருதி விஷயத்தில் அவரோடு ஒரு சின்னச் சண்டை. எனக்கு 440 வேண்டும், அதாவது நடு சி-க்கு மேலே உள்ள ஏ நொடிக்கு 440 தடவை அதிர வேண்டும், ஏனென்றால் கீபோர்டு முதல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பியானோவில் சுமார் 230 தந்திகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன். பழைய தந்திகளை மேலே இழுத்தபோது ஒன்று சுளீர் என்று அறுந்தது. "435-ல விடுங்க, தூங்குறவனை எழுப்பாதீங்க" என்றார். 435 என்பது பிரான்ஸ் 1859-ல் சட்டமாகவே போட்ட சுருதி, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பல இடங்களில் புழங்கியது. 440-க்கும் அதற்கும் உள்ள தூரம், பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான். பயந்த அளவுக்குத் தொந்தரவு இல்லை. கீபோர்டில் சுருதியை 435 என்று மாற்றிக்கொள்ளலாம். கூட வாசிக்க வந்த கர்நாடக சங்கீத வயலின்காரர் கேள்வியே கேட்கவில்லை, பிரடையைத் திருகிச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். புல்லாங்குழல்காரர்தான் கொஞ்சம் முகம் சுளித்தார்.

இனிப் புழுக்கம். சென்னையில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தினசரிக் கவலை. தந்திகளுக்கு அடியில் இருக்கும் ஒலிப்பலகை மரம், ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தைக் குடித்து உப்பி மேலெழும்பும், தந்திகளை இன்னும் இறுக்கும். என் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்: மூன்று வருடமும் நவம்பரில் நடு ஸ்தாயி ஏறியிருக்கிறது, இரு ஓரங்களும் அவ்வளவாக நகரவில்லை. மே மாதத்தில் ஏசியை விடாமல் ஓட்டினால் மரம் உலர்ந்து இறங்கிவிடும். ஆக, பியானோ மொத்தமாக ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, தனக்குள்ளேயே பிசகிக்கொள்கிறது. பழைய ஆட்கள் பெட்டிக்குள் ஒரு 25 வாட் குண்டு பல்பை எரியவிடுவார்களாம், மாஸ்டர் சொன்னார். நான் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கி, ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கரன்ட் பில் ஏறியது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாஸ்டர் இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

ஈரம் மைக்கையும் விடாது. முதல் டிசம்பரில் பதிவு நடுவே சரசரவென்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸைச் சந்தேகப்பட்டேன், பூகம்பமே நடந்தது. கடைசியில் பார்த்தால் மைக்கின் தலைக்குள் ஈரம். இப்போது இரண்டும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில், சமையலறையில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அறை கொடுத்த தொல்லை வேறு. 10 அடி உயரக் கூரையும் தரையும் சேர்ந்து 55 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை ஊதிப் பெரிதாக்கும். பியானோவின் கீழ்ப்பக்கத்து ஏ, 435 சுருதியில், சுமார் 54 ஹெர்ட்ஸ். அந்த ஒரு கட்டையைத் தொட்டாலே அறை உறுமும். சரிக்கட்ட, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் தோண்டினால் பக்கத்துச் சுரங்களும் மெலிந்துபோயின. அப்புறம் மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், உறுமல் லேசாகத்தான் குறைந்தது, அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மெத்தை பற்றாது. பியானோவையே சுவரிலிருந்து நகர்த்தி, மைக்கைச் சாணளவாக இடம் மாற்றி மாற்றிக் கேட்டதுதான் அதிகம் உதவியது. ஆனால் மைக்குகளுக்குப் பின்னால் ஒரு மெத்தையைத் தொங்கவிட்டதும், டைல்ஸ் தரையில் பியானோவுக்கு அடியில் இரண்டு ஜமக்காளம் விரித்ததும், டப்பாவுக்குள் வாசிப்பது போன்ற ஒலியைப் போக்கின. செலவு பூஜ்யம்.

மைக் இப்போது இருக்கும் இடம் இதுதான்: மூடியை முழுக்கத் திறந்து, பியானோவின் வளைவுக்கு வெளியே இரண்டடி தள்ளி, இரண்டு மைக்கும் ஒரே ஸ்டாண்டில். இரண்டுக்கும் இடையில் 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த முறை இது, பெயர் ஓஆர்டிஎஃப். பியானோ அகலமாக விரியாது, ஒரு பொருளாக எதிரே நிற்கும். ஃபோனிலும் உடையாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாமல் பதிகிறேன். 96 கிலோஹெர்ட்ஸிலும் செய்து பார்த்தேன், என் காதுக்குப் பேதம் தெரியவில்லை.

பதிவு நேரம் இரவு ஒன்று முதல் நான்கு. மார்கழியில் நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்த வேண்டும். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து ஒருநாள் பால் கெட்டு, காலையில் காபி இல்லாமல் அம்மா போட்ட கூச்சல் எந்த மைக்கும் தாங்காதது. அன்றிலிருந்து வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். ஏசியை அணைத்து அரைமணியில் அறை சூடாகி, தந்திகள் இலேசாக இறங்க ஆரம்பிக்கும். மரம் மாற நாட்கள் ஆகும், இரும்புக்கு நிமிடங்கள் போதும். அதனால் ஒரு நேரத்தில் இருபது நிமிடப் பதிவு, பிறகு ஏசி, பிறகு மறுபடி. வேர்வையோடு வாசிப்பதும் ஒரு பயிற்சிதான்.

சரியாகாதவையும் உண்டு. நடு சி-க்கு மேலே உள்ள எஃப், தனியாக நீட்டி வாசித்தால் அலையும். அந்தக் கட்டைக்கு மூன்று தந்தி, அதில் இரண்டைக் கம்பளித் துண்டால் அடைத்துவிட்டு மீதி ஒன்றை மட்டும் மாஸ்டர் தட்டிக் காட்டினார். அந்த ஒற்றைத் தந்தியே தனக்குள் அலைகிறது, எந்தச் சுருதி சேர்ப்பும் அதைத் தீர்க்காது. முதல் வருடமாக இருந்தால் அதை மென்பொருளில் வெட்டி ஒட்டியிருப்பேன். இப்போது அப்படியே விட்டுவிடுகிறேன். வயலின்காரர் போன பதிவில் அந்த எஃப் வரும் இடத்தில் வேண்டுமென்றே சற்று நின்று, அது அலைந்து அடங்கிய பிறகுதான் தொடர்ந்தார்.

செம்பு சுற்றிய மந்தரத் தந்திகள் மட்டும் செத்துவிட்டன, அதில் தயக்கமே இல்லை. அளவெடுக்க மாஸ்டர் வியாழக்கிழமை வருகிறார். மூன்றாவது மைக்குக்கு என்று எடுத்துவைத்திருந்த பணம் அதற்குத்தான் போகிறது.