ஏலகிரி முகாமுக்கு எந்தக் கூடாரம்: கித்தானா, டோம் டென்டா?

எங்கள் சாரணர் படையின் பழைய கூடாரங்கள் நைந்துபோய்ப் புதிது வாங்க வேண்டி வந்தபோது, பெற்றோர்களில் பாதிப் பேர், வளையும் கம்பியில் கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கும் டோம் டென்ட் பக்கம் நின்றார்கள். பேசிப் பேசிக் கடைசியில் கித்தான்தான், அதாவது தடித்த பருத்தித் துணிக் கூடாரம்தான் வாங்கினோம். அந்த முடிவில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, அதனால் இதைக் கித்தான் கட்சிக்காரன் எழுதியதாகவே படியுங்கள்.

மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதற்குப் பயந்துதான் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரி மலையில் ஒரு வாரம் இருக்கப் போகிறோம். அங்கே வானத்தை நம்ப முடியாது. காலையில் கொடியேற்றும்போது பளிச்சென்று இருக்கும். மூன்று மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து, காற்று, இடி, சில நாள் ஆலங்கட்டி என்று ஒரு மணி நேரம் ஆட்டி வைத்துவிட்டுப் போகும். ராத்திரி போர்வை வேண்டும். மறுநாள் ஒரு தூறல்கூட இருக்காது.

டோம் டென்டின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எடை குறைவு, சில நிமிடத்தில் நின்றுவிடும், அடித்தரை சேர்த்தே தைத்திருக்கும், வலைக் கதவில் பூச்சி வராது. ஆனால் பகலில் உள்ளே உட்கார முடியாது. ராத்திரி மழைக்காக மூடிவிட்டால் பிள்ளைகளின் மூச்சுக்காற்றே உள்பக்கம் நீராகக் கோத்துப் படுக்கையை நனைக்கும். வழக்கமான அளவில் மூன்று நான்கு பேர்தான் படுக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் உள்ள ஓர் அணியை இரண்டாகப் பிரிக்க எனக்கு மனமில்லை.

கித்தானில் அணி முழுக்க ஒன்றாகப் படுக்கும். பருத்தி நூல் நனைந்ததும் உப்பிக்கொண்டு இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடும், அதனால் தண்ணீர் உள்ளே வராது. புதுக் கூடாரத்தை ஊரிலேயே ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். மழை பெய்யும்போது உள்பக்கம் விரல் பட்டால் பட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும், இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், முளையையே பிடுங்கிவிடும். வானம் கறுத்ததும் அணித் தலைவர்கள் தாங்களாகவே போய்க் கயிற்றைத் தளர்த்துகிறார்கள். பார்க்கவே நிறைவாக இருக்கும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. கூடாரம் மலையில் இருப்பது ஒரு வாரம். மீதி 51 வாரமும் வேலூரில், பள்ளியின் ஏதோ ஓர் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் கிடக்கும். டோம் டென்டில் தண்ணீரைத் தடுப்பது துணிக்கு உள்ளே பூசிய பாலியூரிதேன் பூச்சு. புழுக்கமும் ஈரமும் அதைக் கெடுக்கும். முதலில் பிசுபிசுக்கும், ஒரு வாடை வரும், பிறகு வெயிலில் கறுத்த தோல்போல் உரியும். அதன் ஃபைபர் கம்பி நீளவாக்கில் பிளந்தால் அதே அளவில் வேறு கம்பி கிடைக்க வேண்டும்.

கித்தானுக்கு எதிரி பூஞ்சணம். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே கரும்புள்ளி விழுந்து துணி இற்றுப்போகும். ஆனால் அதற்கு மருந்து நம்ம ஊர் வெயிலே. மலையிறங்கிய மறுநாள் மொட்டைமாடியில் விரித்து, மதியம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். துணி மொடமொடவென்று ஆனதும் எடுத்துவிடக் கூடாது. கயிறு கோக்கும் வளையம் தைத்த ஓரங்களில் துணி மூன்று நான்கு மடிப்பாக இருக்கும், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் ஜில்லென்று பட்டாலும் இன்னொரு நாள் காயட்டும். அப்புறம் மடித்து, எலிக்கு எட்டாமல் உயரத்தில் வையுங்கள். கிழிந்தால் லாரி தார்ப்பாய் தைப்பவரே ஒட்டுப்போட்டுத் தருவார். கம்பு முறிந்தால் மூங்கில் போதும்.

கித்தான் கனம்தான், நனைந்தால் இன்னும் கனம். வண்டி போகும் இடத்துக்குத்தான் சரி. தோளில் சுமந்து ஜவ்வாது மலைக்குள் நடப்பதானால் நானே டோம் டென்ட் எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கித்தானில் தங்கிய அனுபவம் எனக்கில்லை. நான் சொல்வது கோடை மழைக்கு மட்டும்.

இடிக்கு இரண்டுமே பாதுகாப்பில்லை. முகாமுக்கு இடம் பார்க்கும்போதே பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அதற்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை ஒருவரையும் வெளியே விடாதீர்கள்.