கபைல் இர்ரெகுலர் வெர்ப்ஸ்: டேபிளா, வாக்கியமா, அகராதியா?

கபைல் கத்துக்க ஆரம்பிக்கிற எல்லாரும் ஒரே இடத்துலதான் போய் முட்டிக்கிறாங்க, வினைச்சொல். அல்ஜீரியாவோட வடக்குப் பகுதியில திசி உசு, பெஜாயா, புயிரா பக்கத்து மலை ஊர்கள்லயும், அங்கிருந்து ஃப்ரான்ஸ் போய் தங்கிட்ட குடும்பங்கள்லயும் பேசுற பெர்பெர் மொழி இது, அவங்க சொல்ற பேரு தக்பைலித். 2016லேர்ந்து தமாசிக்த் (கபைல் மாதிரி பெர்பெர் மொழிகளுக்கு பொதுப் பேரு) அல்ஜீரியாவோட ஆட்சிமொழிகள்ல ஒண்ணு, ஸ்கூல்லயும் நடத்துறாங்க, அதனால படிக்க பொருளே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. எதை வச்சு படிக்கிறதுங்கிறதுலதான் குழப்பம்.

முதல்ல சிக்கல் என்னன்னு பாத்துடுவோம், இல்லன்னா ஒப்பிடுறதுக்கே அர்த்தமில்ல. ஒரு வினைக்கு நாலு வடிவம் தெரியணும். நடக்கப்போறதுக்கு ஒண்ணு, நடந்து முடிஞ்சதுக்கு ஒண்ணு, நடக்கலங்கிறதுக்கு தனியா ஒண்ணு, வழக்கமா நடக்கிறதுக்கோ இப்ப நடந்துட்டு இருக்கிறதுக்கோ இன்னொண்ணு. 'எழுது'ங்கிறதுக்கு அத் யாரு (எழுதுவான்), யுரா (எழுதினான்), உர் யுரி அரா (எழுதல), யெத்தாரு (எழுதுறான், எழுதுவது வழக்கம்). இது ஓரளவு சாதுவான வினை. 'சாப்பிடு'வை எடுங்க: அத் யெச், யெச்சா, உர் யெச்சி அரா, இது வரைக்கும் நம்பிக்கையா இருக்கும், நாலாவது இதெத்! 'குடு'ன்னா யெஃப்கா, ஆனா குடுத்துட்டு இருக்கான்னா யெத்தாக், நடுவுல இருந்த ஃப் எங்க போச்சுன்னு தேட வேண்டியதுதான். 'சொல்லு'வுக்கு இனி, யென்னா, ஆனா வழக்கமா சொல்றதுக்கு யெக்கார். அதே யெக்கார்தான் 'படிக்கிறான்'க்கும், ஏன்னா 'படி'யோட இறந்தகாலம் யெக்ரா, அந்த நாலாவது வடிவத்துல நடு ஒலி இரட்டிச்சு யெக்கார் ஆகிடுது. (தொண்டையில வர்ற ரெண்டு வேற வேற ஒலியை தமிழ்ல ரெண்டுக்கும் க-ன்னே எழுதிட்டு இருக்கேன், ஆடியோ கேக்காம இதை நம்பி உச்சரிச்சுடாதீங்க.)

சரி, முதல் வழி டேபிள், அதாவது ஒரு வினையோட வடிவங்களை எல்லாம் வரிசையா அடுக்கி வச்ச பட்டியல். கமால் நைத்-சராத் 1994ல லார்மாத்தான் பதிப்பகத்துல போட்ட ஃப்ரெஞ்சு கையேடு இருக்கு, 6000 வினை, 176 மாதிரி. நமக்கு வேணுங்கிற வினையை தேடி அதோட மாதிரி எதுன்னு பாத்து அந்த டேபிளுக்கு போகலாம். வேலை சுத்தம், சந்தேகம் வந்தா தீர்க்கிறதுக்கு இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. ஆனா இதை முதல் பக்கத்துலேர்ந்து மனப்பாடம் பண்ண உக்காந்தா ரெண்டே வாரத்துல கபைலே வேணாம்னு ஓடிடுவீங்க, 176ங்கிற நம்பரே பயமுறுத்தும், அதுவும் தேவையில்லாத பயம். ஏன்னா நான், நீ, அவன், அவள்னு மாறுற ஒட்டுகள் பெரும்பாலும் எல்லா வினைக்கும் எல்லா காலத்துக்கும் அதேதான், முன்னாடி ய வந்தா அவன், த வந்தா அவள், ந வந்தா நாம, கடைசியில க் வந்தா நான். இதை ஒரு தடவை படிச்சா போதும். அதோட, இறந்தகாலத்துல ஆ-ன்னு முடியுற வினைக்கெல்லாம் நான், நீ ரெண்டுக்கு மட்டும் அது இ ஆகும்: உரிக் (எழுதினேன்), துரித் (எழுதினே), ஆனா யுரா, துரா, நுரா. 'சாப்பிடு'வும் அப்படியே, ச்சிக், தெச்சித், யெச்சா. இந்த ஒரு விதி தெரிஞ்சா எத்தனையோ டேபிளை தாண்டிடலாம். உண்மையில தொல்லை குடுக்கிறது ஒட்டு இல்ல, அந்த நாலு அடிப்படை வடிவம்தான், டேபிள் அந்த நாலையும் பத்து பத்து வரியா விரிச்சு காட்டி முக்கியமானதை கூட்டத்துல தொலைச்சுடுது.

ரெண்டாவது வழி வாக்கியம், என் ஓட்டு இதுக்குத்தான். தத்தோய்பா தளத்துல கபைல் வாக்கியங்கள் லட்சக்கணக்குல கிடக்கு, கபைல்காரங்க சும்மா ஆர்வத்துல உக்காந்து ஏத்தினது, நம்ம ஆளுங்க விக்கிப்பீடியாவுல உக்காந்த மாதிரி. அதுலேர்ந்து ஒரு வினைக்கு நாலு குட்டி வாக்கியம் பொறுக்கி எடுத்து மனப்பாடத்துக்கு ஃப்ளாஷ் கார்டு போட்டுக்கணும், நாலுலயும் அதே பொருள் வர்ற மாதிரி: அத் யாரு தப்ரத், யுரா தப்ரத், உர் யுரி அரா தப்ரத், யெத்தாரு தப்ரத். தப்ரத்னா கடிதம். வாய்க்கு பழகிடும், நாலாவது எதிர்பாராம வந்தாலும் முன்னாடி மூணும் இழுத்துட்டு வரும்.

வாக்கியம் ஏன் ஜெயிக்குதுங்கிறதுக்கு 'வா'ங்கிற வினை ஒண்ணே போதும். டேபிள்ல யுசா, யுசி, யெத்தாஸ்னு சமத்தா நிக்கும். நிஜத்துல யாரும் வெறும் யுசா சொல்றதில்ல, 'இந்தப் பக்கம்'னு காட்டுற ஒரு குட்டி த் கூடவே வரும், யுசா-த், வந்தான். இப்ப வரலன்னு சொல்லணும்னா உர் த்-யுசி அரா, பின்னாடி ஒட்டிட்டு இருந்த த் குதிச்சு முன்னாடி வந்துடுச்சு பாருங்க. வருவான்னாலும் அப்படித்தான், அத் த்-யாஸ். இந்த குதியை வடிவங்களை மட்டும் அடுக்குற டேபிள் காட்டவே காட்டாது, வெறும் டேபிள் படிச்சவன் உர் யுசி-த்னு சொல்லிட்டு நிப்பான், எதிர்ல இருக்கிறவர் மரியாதைக்கு சிரிச்சுக்குவார்.

குறை இல்லாம இல்ல. ஏத்தினவங்க வேற வேற ஊர்க்காரங்க, அதனால 'வந்து சேர்ந்தான்'ங்கிறது ஒருத்தர் எழுத்துல யெவ்வெத், இன்னொருத்தர் கிட்ட யெப்வெத், மூணாவது ஆளுக்கு யெக்வெத். மூணும் ஒரே வினைதான், மூணும் சரிதான், ஆனா புதுசா படிக்கிறவன் மூணு வினைன்னு நினைச்சு மூணு கார்டு போட்டுடுவான். ஒரு வட்டாரத்தை முடிவு பண்ணிட்டு அதுலேயே நில்லுங்க. இந்த மாதிரி சந்தேகம் வர்றப்பதான் டேபிளை தொடணும், அதுக்கு முன்னாடி இல்ல.

மூணாவது அகராதி. தாலேங்கிற பாதிரியார் தொகுத்த கபைல்-ஃப்ரெஞ்சு அகராதி, அவர் 1972ல இறந்தப்புறம் 1982ல வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல, அய்ன் எல் ஹம்மாம்ங்கிற ஊர் பக்கத்து அத் மங்கெல்லத் வட்டாரப் பேச்சை வச்சு பண்ணது. பொக்கிஷம்தான், வினைக்கு பக்கத்துலயே அதோட முக்கிய வடிவங்களும் இருக்கும். ஆனா வார்த்தைகள் அகரவரிசையில இல்ல, மெய்யெழுத்து வேர் வரிசையில இருக்கு. நமக்கு கண்ல படுறது யெத்தாக், அதுல எது வேர், எது ஒட்டு, எந்த மெய் காணாம போச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் ஃப, க பக்கத்தை திறக்கவே முடியும், அதாவது ஒழுங்கா வராத வினையை தேட அந்த வினை ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும்! எழுத்துமுறையும் இப்ப ஸ்கூல்ல சொல்லித்தர்றது மாதிரியே இருக்காது. ஒரு நூறு வினை கைக்கு வந்தப்புறம் வாங்குங்க, அப்ப படிக்க படிக்க ருசியா இருக்கும். ஃப்ரெஞ்சு தெரியாதவங்களுக்கு இதுவும் அந்த கையேடும் ரெண்டுமே கஷ்டம்தான், டேபிளையாவது கண்ணால பாத்து புரிஞ்சுக்கலாம். கபைல் எழுத்தாளர் மௌலூத் மம்மேரியோட 1976 இலக்கணம் முழுக்க கபைல்லயே இருக்கு, அதை ஆரம்பத்துல எடுக்கிறவங்களுக்கு என் அனுதாபங்கள்.

பாட்டு கேட்டே கத்துக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. இதிர், மத்தூப் லூனெஸ் கேளுங்க, நல்லா கேளுங்க, காது பழகும், ஆனா பாட்டுல நமக்கு வேணுங்கிற நாலு வடிவமும் வரிசையா வந்து நிக்காது.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் டேபிள் பக்கம் சாஞ்சுடுவேன். வெள்ளையா இருக்கு, கருப்பா இருக்கு, பெருசா இருக்குன்னு தன்மை சொல்ற வினைகள். இதுங்களுக்கு இறந்தகால வடிவத்துல முன்னாடி ஒட்டே வராது, எல்லாம் பின்னாடிதான். மெல்லுல்னா அவன் வெள்ளையா இருக்கான், மெல்லுலெத் அவள், மெல்லுலித் அவங்க எல்லாரும், ஆண் பெண் பிரிக்கிறதில்ல, நாம நீங்ககூட அதே மெல்லுலித்தான். கருப்புக்கு பெர்ரிக், பெர்ரிகெத், பெர்ரிகித். பெருசுக்கு மெக்கெர், மெக்ரெத், மெக்ரித். இதுக்கு கார்டு எல்லாம் வேணாம், ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டுங்க, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும்.