எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒன்பது வருடமாக ஓர் ஆட்டுப்பட்டி

மரத்தில் வெட்டிய பத்து ஆடுகள், ஓர் ஆயன், வட்டமாக ஒரு வேலி. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள எங்கள் பங்குப் பிள்ளைகளுக்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஒன்பது வருடமாக இவற்றை வைத்துத்தான் மறைக்கல்வி நடத்துகிறேன். பக்கத்துப் பங்குகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டு, “இதை எங்களாலயும் செய்ய முடியுமா?” என்று கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது. அதனால் நல்லது, சிரமம் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது விளாத்திகுளம் பக்கம், கரிசல் காட்டு ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முக்கால் மணி நேரம் வகுப்பு. 2016 வரை நானும் கேள்வி பதில் முறையில்தான் நடத்தினேன். நான் கேட்பேன், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அந்த முறையை நான் குறைவாக நினைக்கவில்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே மறைக்கல்விப் புத்தகம்தான்: 1578இல் கொல்லத்தில் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. மறுவருடம் கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது. அதற்கும் முன்னால், 1542இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு) வந்த புனித சவேரியார் கையில் மணியோடு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த மந்திரங்களை, அதாவது செபங்களை, சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். எங்கள் பாட்டி காலம் வரைக்கும் ஞானோபதேசம் (மறைக்கல்விக்குப் பழைய பெயர்) என்றால் அதுதான்.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாக வாங்கும் அப்பம்) பற்றிய பதிலை எழுத்துப் பிசகாமல் சொன்ன ஒரு சிறுவன், அடுத்த நிமிடமே “டீச்சர், நற்கருணைனா யாரு?” என்று கேட்டான். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர்தான் நல்லாயன் முறையைச் சொன்னார். 1954இல் ரோமில் சோஃபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞரும் ஜன்னா கோப்பி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து தொடங்கியது. மாண்டிசோரி அம்மையார் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். பிள்ளை தன் கையால் தொட்டு, தன் வேகத்தில் கற்கட்டும் என்ற அவருடைய வழியை இந்த இருவரும் விவிலியத்துக்கும் திருப்பலிக்கும் கொண்டுவந்தார்கள்.

சரி, பொருள்களுக்கு வருகிறேன். முதலில் படங்களைப் பார்த்து, உடம்பெல்லாம் பஞ்சுபோல ரோமம் சுருண்ட வெள்ளை ஆடுகளாகச் செய்யச் சொன்னேன். ஆசாரி சிரித்துவிட்டு, “இது எந்த ஊர் ஆடும்மா?” என்றார். அவர் கேட்டது நியாயம். எங்கள் பக்கத்து ஆடு வேம்பூர் ஆடு. உயரமாக, பஞ்சு ரோமம் இல்லாமல், வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். பொட்டு ஆடு என்றும் சொல்வோம். மிச்சப் பலகையில் அவர் வெட்டித் தந்த ஆடுகளுக்கு நானே சிவப்புத் திட்டு வைத்தேன். பிள்ளைகள் பெட்டியைத் திறந்ததும், “ஏய், எங்க தாத்தா ஆடு!” என்றார்கள். நல்ல ஆயனைப் பற்றிச் சொல்லும் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் எங்கள் ஊருக்குள் வந்தது அன்றுதான்.

இந்த முறையில் ஆசிரியருக்கு உள்ள பெரிய கஷ்டம் வாயை மூடிக்கொண்டிருப்பது. நற்செய்தியை மெதுவாக வாசிக்கிறோம், ஆயனையும் ஆடுகளையும் நகர்த்துகிறோம், அவ்வளவுதான். ஆடுகள் யார் என்று நாம் சொல்லவே கூடாது. “பேர் சொல்லிக் கூப்பிடுறாரே, அந்த ஆடுங்க யாரா இருக்கும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் வருடம் ஆறு வாரம் பொறுத்தேன், ஏழாவது வாரம் நானே விடையைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள், அதோடு முடிந்தது. அடுத்த வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிறுமி, ஆடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேலிக்குள் வைத்தாள். கடைசி ஆட்டுக்கு அவள் வைத்தது என் பெயர்.

அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது பிள்ளைகளை ஒரு சாயங்காலம் கூட்டிப்போனோம். நூற்றுக்கணக்கான ஆடுகளில் எது யாருடையது என்று ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தார், அவருடைய மந்தை மட்டும் திரும்பியது. நாங்களும் அதேபோலச் சத்தம் கொடுத்துப் பார்த்தோம், ஓர் ஆடும் நிமிரவில்லை. பட்டியைச் சுற்றிப் படல் இருந்தது, திறப்பில் கதவு இல்லை. “ராத்திரி என்ன செய்வீங்க?” என்று ஒரு பையன் கேட்டான். “நான்தான் அங்க குறுக்கே படுத்துக்கிடுவேன்” என்றார். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்த அந்தப் பையன், ஆசாரி கீல் வைத்துச் செய்திருந்த சின்னக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆயனைப் படுக்க வைத்தான். “ஆடுகளுக்கு வாயில் நானே” என்ற வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு விளங்கியது. கதவைத் திரும்ப மாட்டவே இல்லை.

மற்ற உவமைகளுக்குச் செலவே கிடையாது. கடுகு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரே ஒரு கடுகு, நாலு நிமிடம் அமைதி, அது போதும். புளிப்பு மாவு உவமைக்கு நான் உறைமோரை எடுத்துக்கொண்டேன். காய்ச்சி ஆறிய பாலில் பிள்ளைகளே ஒரு கரண்டி உறை ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் திறந்து பார்க்க வேண்டும். நற்செய்தியில் சொல்லப்படுவது மாவுதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அப்புறம் வழிபாட்டு ஆண்டுச் சக்கரம்: எந்த ஞாயிறு பூசையில் சாமியார் என்ன நிற உடுப்பு போடுவார் என்று காட்டுவது. ஐம்பத்திரண்டு ஞாயிறுக்கு ஐம்பத்திரண்டு மரத்துண்டு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு நாலு ஊதா, தவக்காலத்துக்கு ஆறு ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் (உயிர்ப்புக் காலம்) வெள்ளை, பெந்தகோஸ்துக்கு (தூய ஆவி பெருவிழா) ஒரு சிவப்பு, மீதியெல்லாம் பச்சை. குருத்து ஞாயிறன்று சாமியார் சிவப்பு உடுத்தி வந்ததும், “டீச்சர், நம்ம சக்கரம் தப்பு” என்று ஒருத்தி பிடித்துவிட்டாள். அந்த ஆறாவது துண்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் சிவப்பு அடித்தோம். பூசையில் உடுப்பின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் இவர்களுக்கு இந்தச் சக்கரத்தால்தான் வந்தது.

சின்னப் பீடமும் உண்டு. வெள்ளைத் துணி, இரசக் கிண்ணம், அப்பத்தட்டு, இரண்டு மெழுகுதிரி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்). சாறும் தண்ணீரும் வைக்கும் கண்ணாடிக் குப்பிகள் மூன்று முறை உடைந்தன. பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள் என்று பலரும் சொன்னார்கள், நான் மாறவில்லை. உடையும் பொருள் என்பதால்தான் பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். திராட்சைச் சாற்றில் ஒரு துளி தண்ணீரை விட்டு, “இப்ப அதைத் தனியா எடுக்க முடியுமா?” என்று கேட்பேன். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, முடியாது என்று தலையாட்டுவார்கள். பூசையில் சாமியார் தண்ணீர் சேர்க்கும் நேரத்தில் முன்வரிசையில் கழுத்துகள் நீளுவதை இப்போது பங்கே பார்க்கிறது.

இனி, சரிப்படாதவை. ஒரே சமயத்தில் பதினான்கு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இந்த முறை நடக்காது. எங்களிடம் நாற்பது பேர். மூன்று குழுவாகப் பிரிக்க இன்னும் இரண்டு பேரைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது, அதற்கே இரண்டு வருடம் போயிற்று. பொருள்களுக்குத் தனி அறை வேண்டும். பெஞ்சு மேசைகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்க வேண்டும்.

மந்திரங்கள் இதில் தானாக வராது. புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது) வகுப்புக்குப் போகும்போது செபங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும், அதற்குப் பழைய முறையே நல்லது. அதிலும் ஒரு சிக்கல்: பாட்டி “பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே” என்று சொல்லித்தருவார், பூசையில் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று வரும். பாட்டி சொன்னது தப்பு என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. அதனால் நான் இரண்டையும் சொல்ல வைக்கிறேன்.

ஒரு வருடம் புரொஜெக்டரில் கார்ட்டூன் படங்களும் போட்டோம். கூட்டம் கூடியது, அடுத்த வாரம் கதையைக் கேட்டால் துரத்தலும் சண்டையும்தான் நினைவில் இருந்தன. நிறுத்திவிட்டேன். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் நடத்தியதும் எடுபடவில்லை, உறைமோர் ஒன்றைத் தவிர. அது மட்டும் வீடு வீடாக நடந்தது, பிள்ளைகள் தயிரைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை ஆடுகளோடு உட்கார வைக்க முடியாது. அவர்களுக்கு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட குமரிப் பக்கத்துப் புனித தேவசகாயத்தின் வாழ்க்கையும், 15 வயதில் இறந்து 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதீஸின் கதையும் நன்றாகப் பிடிக்கிறது. கணினியில் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்த பையன் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். ஆடுகளை மட்டும் செய்யுங்கள். உள்ளங்கை அளவு இருக்கட்டும், காது தடிமனாக இருக்கட்டும். எங்கள் ஆடுகளில் ஆறுக்குக் காது உடைந்துவிட்டது. முதல் வருடம் படித்த பையன் ஒருவன் இப்போது பத்தாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் வந்து பசை போட்டு ஒட்டித் தருகிறான். சிவப்புத் திட்டுகளையும் இந்த வருடம் அவன்தான் வைத்தான்.