டெபியன் 13 இன்ஸ்டாலர்: கீபோர்டும் டிஸ்கும் கேட்கிற திரைகள் எப்படி?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு வந்தது 2025 ஆகஸ்ட் 9. அதே வருடம் அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால், மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் தெரிந்தவர்கள் "லினக்ஸ் போட்டுத் தாங்க" என்று பழைய லேப்டாப்போடு வர ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர் வீடு, ஒரு போட்டோ ஸ்டுடியோ, டியூஷன் சென்டர் என்று பல மெஷின்களில் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போட்ட பிறகு டெஸ்க்டாப் எப்படி ஓடுகிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இன்ஸ்டாலரைப் பற்றி, அதிலும் கீபோர்டும் டிஸ்கும் கேட்கிற அந்தச் சில திரைகளைப் பற்றி மட்டும். ஆட்கள் உண்மையில் பயப்படுவது அங்கேதான்: போட்டோ எல்லாம் போய்விடுமோ, பாஸ்வேர்ட் ஏறாமல் வெளியே நிற்க வேண்டி வருமோ என்று.

பார்க்கப் பழைய காலத்து இன்ஸ்டாலர். ஒரு கேள்வி, ஒரு பதில், அடுத்த திரை, அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கிறது. வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (அந்தச் சிப்பை இயக்கும் சின்ன மென்பொருள்) 12-ஆம் பதிப்பிலிருந்தே கூட வந்துவிடுகிறது, அதனால் பழைய தலைவலி குறைந்துவிட்டது. 32 பிட் மெஷினுக்கு மட்டும் 13-ல் இன்ஸ்டாலர் கிடையாது, அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

சரி, கீபோர்டு. மொழி கேட்கும் இடத்தில் தமிழும் இருக்கிறது, ஆனால் கிராஃபிக்கல் முறையில் போனால்தான் தெரியும், டெக்ஸ்ட் முறையில் தமிழ் எழுத்தைக் காட்ட முடியாது. கேள்விகளைத் தமிழில் படிக்க வேண்டும் என்றால் தாராளமாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அடுத்து வரும் கீபோர்டு கேள்விக்கு அமெரிக்க ஆங்கிலம் என்றே கொடுங்கள். தமிழ் கீபோர்டைக் கொடுத்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எந்த விசை என்று இன்னொரு கேள்வி வரும். அக்கவுன்ட் பெயர் எப்படியும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டோ, காட்டச் சொல்லாவிட்டால், திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், எந்த மொழியில் அடித்தோம் என்பதே தெரியாமல் போகும். தமிழில் அடிப்பதற்கான ஏற்பாட்டைப் பிறகு வசதியாகச் செய்துகொள்ளலாம்.

இந்த அமெரிக்க ஆங்கிலம் இங்கே கடையில் வாங்கிய லேப்டாப்புக்கு அப்படியே பொருந்தும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு விசேஷம், பாதி வீட்டில் லேப்டாப் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்ததில் ஆங்கில எழுத்தோடு அரபி எழுத்தும் அச்சடித்திருக்கும். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நம் கீபோர்டில் உள்ள இடத்திலேயே இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன அக்காமார் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுக்கிற லேப்டாப்தான் கவனிக்க வேண்டியது. பிரிட்டிஷ் கீபோர்டில் ஷிஃப்ட்டும் 2-ம் சேர்த்து அடித்தால் இரட்டை மேற்கோள் குறி வரும், ஷிஃப்ட்டும் 3-ம் பவுண்ட் குறி, ஈமெயிலில் வரும் அந்த அட் குறி என்டர் பக்கத்தில் வேறொரு விசையில் உட்கார்ந்திருக்கும். இதற்கு அமெரிக்க ஆங்கிலம் கொடுத்துவிட்டு, அச்சில் உள்ளதைப் பார்த்து அட் குறி வைத்து பாஸ்வேர்ட் போட்டால், பதிவாவது வேறு குறி. பிறகு யாராவது செட்டிங்ஸில் கீபோர்டைச் சரியாக மாற்றிய அன்றைக்கு அந்த பாஸ்வேர்ட் ஏறாது. அதனால் 3-க்கு மேலே பவுண்ட் குறி அச்சடித்திருந்தால் யோசிக்காமல் பிரிட்டிஷ் ஆங்கிலம் கொடுங்கள்.

இங்கே எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. அடித்துப் பார்க்க ஒரு பெட்டி இந்தத் திரையில் இல்லை. டெபியனின் லைவ் பதிப்பில் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடியது) வருகிற கலமாரஸ் இன்ஸ்டாலரில் கீபோர்டு படமும் உண்டு, அடித்துப் பார்க்க இடமும் உண்டு. இத்தனை வருடம் ஆகியும் இதில் சேர்க்காதது சரியே இல்லை. ஒரு வழி சொல்கிறேன், சற்றுப் பின்னால் முழுப் பெயர் கேட்கும் திரை வரும், அங்கே அடிப்பது கண்ணுக்குத் தெரியும். குறிகளை எல்லாம் ஒரு தடவை அடித்துப் பார்த்து, அழித்துவிட்டு, சரியில்லை என்றால் பின்னால் போய் மாற்றலாம்.

இனி டிஸ்க். இந்த இன்ஸ்டாலர் என் நம்பிக்கையைச் சம்பாதித்தது இங்கேதான். முழு டிஸ்கையும் எடுத்துக்கொள்வது, எல்விஎம் (பிறகு அளவை எளிதாக மாற்றக்கூடிய பிரிப்பு முறை) போடுவது, என்கிரிப்ட் செய்வது (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது), நாமே பிரித்துக்கொள்வது என்று வழிகள் காட்டும், காலி இடம் விட்டு வைத்திருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் வரும். முதலில் வருவது திட்டம்தான், டிஸ்கில் ஒன்றும் எழுதப்படுவதில்லை; எல்விஎம், என்கிரிப்ட் வழிகளில் மட்டும் இடையிலேயே ஒரு முறை கேட்டுவிட்டு எழுதும். கடைசியில் எந்தெந்த பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) அழியும் என்று பட்டியல் போட்டு "எழுதட்டுமா?" என்று கேட்கும், அங்கே முன்கூட்டியே தேர்வாகி நிற்பது "வேண்டாம்" என்கிற பதில். அவசரத்தில் என்டரைத் தட்டிக்கொண்டே போகிறவருக்கும் அந்த இடத்தில் ஒன்றும் அழியாது. இப்படி யோசித்துச் செய்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் எல்லாமே கடைசியில்தான் எழுதப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற பார்ட்டிஷனின் அளவைக் குறைக்கச் சொன்னால் அதை அப்போதே எழுதிவிடும், திரும்ப எடுக்க முடியாது. நமக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு மழைக்காலம், காற்றடித்தால் கரண்ட் போகும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் விண்டோஸ் பார்ட்டிஷனைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது பாழாகலாம். லேப்டாப் என்றாலும் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே இடத்தைக் குறைத்துக் காலியாக்கிவிட்டு இங்கே வருவது நல்லது. அதற்கும் முன்னால் போட்டோக்களை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள், மெஷின் தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யக் கூடாது, இரண்டும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

விண்டோஸில் 465 ஜிபி என்று தெரிந்த டிஸ்க் இங்கே 500 ஜிபி என்று வரும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. பட்டியலில் பென் டிரைவும் சேர்ந்து வரும், அளவையும் கம்பெனிப் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பட்டியலிலேயே வரவில்லை என்றால் பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள், ஏஹெச்சிஐ ஆக்கினால் வரலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அந்த மாற்றத்தால் பூட் ஆகாமல் நிற்கக்கூடும்.

எப்படிப் பிரிப்பது என்றால், சாதாரண வீட்டு மெஷினுக்கு எல்லாம் ஒரே பார்ட்டிஷன் போதும். ஸ்டுடியோ மாதிரி இடத்தில் ஹோமை (நம் கோப்புகள் இருக்கும் பகுதி) தனியாக வைத்தேன், சிஸ்டத்தைத் திரும்பப் போட்டாலும் படங்கள் அப்படியே இருக்கும். ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு மெஷினை அணைப்பது) வேண்டும் என்கிறவர்கள், அதற்குப் பயன்படும் ஸ்வாப் என்கிற டிஸ்க் பகுதி ராம் அளவுக்காவது இருக்கிறதா என்று திட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். மேனுவல் திரையில் ஒவ்வொரு வரியிலும் ஒற்றை எழுத்துக் குறிகள் வரும், அதற்கு விளக்கம் உதவித் திரைக்குள் ஒளிந்திருக்கிறது. புதியவர்களுக்கு இது நியாயமே இல்லை.

கீபோர்டும் டிஸ்கும் ஒன்றையொன்று தொடும் இடம் என்கிரிப்ஷன். டெபியன் இன்ஸ்டாலரின் வழிகாட்டி முறையில், மெஷினைத் தொடங்க வைக்கும் பூட் பகுதி மட்டும் என்கிரிப்ட் ஆகாமல் இருக்கும், அதனால் கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த கீபோர்டு அமைப்பு வந்திருக்கும். பூட் பகுதியையும் சேர்த்து என்கிரிப்ட் செய்கிற நிறுவல்களில் கடவுச்சொல் கேட்பது கிரப் என்கிற தொடக்க நிரல், அதற்கு வழக்கமாகத் தெரிந்தது அமெரிக்க அமைப்பு மட்டும். எப்படி இருந்தாலும் டிஸ்க் கடவுச்சொல்லில் குறிகளைத் தவிர்த்து, நீளமாக, சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வையுங்கள், பெரும்பாலான கீபோர்டுகளில் ஏறும். ஒய், இசட் எழுத்துகளையும் விட்டுவிடலாம், ஜெர்மன் கீபோர்டில் அவை இடம் மாறியிருக்கும். என்கிரிப்ட் செய்யும் முன் டிஸ்க் முழுக்கத் தாறுமாறான தரவை எழுதும், பழைய ஹார்ட் டிஸ்கில் மணிக்கணக்கில் ஓடும். டிஸ்க் புதியது என்றால் ரத்து செய்துவிட்டுத் தொடரலாம்.

தமிழில் அடிக்க, எல்லாம் முடிந்தபின் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ்ஸும் அதன் எம்17என் பேக்கேஜும் போட்டு தமிழ்99 கீபோர்டு முறையைச் சேர்த்தால் "அம்மா" என்று அடிக்கையில் புள்ளி தானே விழும். குழித்துறை, களியக்காவிளை பக்கத்து வீடுகளில் மலையாளமும் கேட்பார்கள், அதையும் அதே இடத்தில் சேர்த்துக் கொடுங்கள்.