‘அங்க போய் மாத்திக்கலாம் பிரதர்’

“முதல்ல அறுபது நாள் ஃப்ரீ என்ட்ரியில போயிடுங்க பிரதர். விசாவை அங்க போய் மாத்திக்கலாம்.”

தாய்லாந்து விசா வாங்கித் தருவதாக வந்த ஏஜென்ட்டின் இந்த இரண்டு வரிக்கு நான் கொடுத்த விலை 1,35,000 ரூபாய்.

திருச்சியில் இருந்தபடி நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆப் டிசைன் செய்கிறேன். வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையை தாய்லாந்தின் சியாங் மாயில் உட்கார்ந்து செய்தால் என்ன என்று ஆசை. லேப்டாப்போடு ஊர் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த ஊர் காசி மாதிரி. இன்ஸ்டாகிராமில் ஒரு சென்னை ஏஜென்ட் மாட்டினார். சரியாகச் சொன்னால், மாட்டியது நான்.

அவர் விற்றது டி.டி.வி., அதாவது டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா. 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்தது. 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். நல்ல விசாதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கணக்கில் 5 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும், நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்வதற்கு ஆதாரம் வேண்டும். முக்கியமாக, தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். எல்லாமே தூதரகத் தளத்தில் இருக்கிறது. மிக்ஸி வாங்கினாலே நாற்பது ரிவ்யூ படிக்கிறவன், இதை மட்டும் படிக்கவில்லை.

என்னிடம் 9 லட்சம்தான் இருக்கிறது என்றேன். “மூணு நாளைக்கு நாங்க உங்க அக்கவுன்ட்ல போட்டு எடுத்துக்கிறோம்” என்றார். மாதக்கணக்கில் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், திடீரென்று வந்து விழுந்த தொகை பல்லை இளிக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் வேறு நாட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறார்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரியைப் பற்றி நான் கேட்டதற்கு, “வெளிநாட்டுல இருந்தா டாக்ஸே கிடையாது பிரதர்.” காலண்டர் வருடத்தில் 180 நாள் இருந்தால் தாய்லாந்தின் வரிக்கணக்கில் நாமும் வந்துவிடுவோம். அதை ஒரு ஆடிட்டரிடம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன், பணம் கொடுத்த பிறகு.

2025 பிப்ரவரி கடைசியில் கிளம்பினேன். சென்னை விமான நிலையத்திலேயே முதல் அடி. கவுன்ட்டரில் இருந்த பெண் ரிட்டர்ன் டிக்கெட் கேட்டார். ஏஜென்ட் கொடுத்த தாளை நீட்டினேன். பி.என்.ஆர். எண்ணைத் தட்டினார், மறுபடி தட்டினார், பிறகு பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். “இப்படி ஒரு புக்கிங்கே இல்லையே சார்.” பின்னால் வரிசை நிற்க, டிராலியில் சாய்ந்தபடி போனில் புது டிக்கெட் போட்டேன். கை நடுங்கியதில் ஓ.டி.பி.யை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

அறை சியாங் மாயின் நிம்மன் ஹேமின் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். போட்டோவில் பார்த்த கட்டிடம் இது இல்லை. ‘200 எம்.பி.பி.எஸ். வைஃபை கோ-லிவிங்’ என்றது, நடைபாதைக் கோடியில் தொங்கிய ஒற்றை ரவுட்டரை. கதவைச் சாத்தினால் வேகம் 4தான் வரும். ஆம்ஸ்டர்டாமில் காலை பத்து மணி மீட்டிங் என்றால் சியாங் மாயில் மாலை நாலு மணி. நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர்கள் திரையில் என் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கும்.

அது வயலையும் காட்டையும் எரிக்கிற பருவம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். புகை வெளியே போக வழியில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில், எதிரே நிற்கிற தோய் சுதேப் மலையையே காணோம்.

நாற்பதாவது நாள் ஏஜென்ட்டிடம் விசாவைப் பற்றிக் கேட்டேன். “இமிகிரேஷன்ல நம்ம ஆள் இருக்கார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்புங்க, ஸ்டாம்ப் ஆகி வந்துடும். 20,000 பாட் தனி.” நான் கொடுத்திருப்பேன். தடுத்தது கீழ்வீட்டு அம்மா, கட்டிடத்தின் சொந்தக்காரர். எல்லாரும் அவரை ‘பீ’ என்பார்கள், அந்த ஊர் மொழியில் அக்கா. போன் மொழிபெயர்ப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: “போலி முத்திரை. சிறை.” அப்புறம் அறை வாடகை எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டார். மாதம் 28,000 ரூபாய், கிட்டத்தட்ட 11,000 பாட் என்றேன். அவருக்கு ஏஜென்ட் கொடுத்தது 6,000 பாட்.

மறுநாள் நானே இமிகிரேஷன் அலுவலகம் போனேன். விசா இல்லாமல் வந்தவருக்கு 1,900 பாட் கட்டினால் 30 நாள் நீட்டிப்பு உண்டு, டி.டி.வி.யாக மாற்றுவது இங்கே நடக்காது என்று நிதானமாகச் சொன்னார்கள். கூடவே டி.எம்.30 ரசீது கேட்டார்கள். வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏஜென்ட் செய்திருப்பார் என்று பீ நினைத்திருந்தார், பீ செய்திருப்பார் என்று நான். அபராதத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

நீட்டிப்பு வாங்கவில்லை, அறுபது நாள் முடியுமுன் திரும்பிவிட்டேன். அப்பாவின் எஃப்.டி.யைச் சேர்த்து, மூன்று மாதம் அப்படியே கணக்கில் வைத்து, ஒப்பந்தமும் இன்வாய்ஸ்களும் இணைத்து, அரசாங்க இ-விசா தளத்தில் நானே விண்ணப்பித்தேன். கிடைத்தது. ஏஜென்ட் இல்லாமல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதை ஒழுங்காகப் பார்த்தேன். ‘பயண ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது.’ விசா என்ற சொல்லே அதில் இல்லை. சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். இதுவரை வந்தது 20,000 ரூபாய், அதுவும் “குட்வில்லுக்காக” என்று ஒரு வாட்ஸ்அப் வரியோடு.

போன வாரம் அவருடைய புது விளம்பரம் கண்ணில் பட்டது. ‘எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்று ஒரு படம்: காபிக் கடை, சாம்பல் நிறச் சட்டை, லேப்டாப், பக்கத்தில் ஐஸ் காபி. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சந்தோஷத்தில் நான் அவருக்கு அனுப்பிய படம் அது. முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகு என்னுடையது.